கறுப்புப் பட்டியலைப் பகிர்கிறீர்கள், நற்சான்றையும் பகிருங்கள்: பன்னாட்டுப் பொது அமைப்புகளின் கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஐக்கிய நாடுகள் அமைப்பின் தலைமை நிர்வாகிகள் வாரியத்தின்கீழ் இயங்கும் மேலாண்மை உயர்நிலைக் குழுவின் கொள்முதல் வலையமைப்பு உறுப்பினர்கள், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கொள்முதல் துறைத் தலைவர்கள்.

தாராவி, மும்பை

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகப் பைகளை வாங்குவதற்காக உங்கள் அமைப்புகளுள் ஒன்றின் இந்திய அலுவலகம் அறிவித்திருந்த டெண்டர், ஒப்பந்தப்புள்ளிகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ரத்துசெய்யப்பட்டது. தேவை மறுபரிசீலனை செய்யப்படுகிறது என்ற ஒற்றை வரி மின்னஞ்சலைத் தவிர வேறு காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சில மாதங்கள் கழித்து அதே பை, அதே துணி, அதே தையல் விவரங்களோடு, பல நாடுகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்த நீண்டகால ஒப்பந்தம் ஒன்றுக்கான அழைப்பு வந்தது. அதில் பங்கேற்க வேண்டுமானால் காட்ட வேண்டிய ஆண்டு விற்றுமுதல், எங்கள் தெருவிலுள்ள பட்டறைகள் அத்தனையின் விற்பனையையும் கூட்டினாலும் எட்ட முடியாத தொகை. மொத்தத்தில் ஒரு பகுதியை மட்டும் செய்து தருகிறோம் என்று விண்ணப்பிக்கவும் இடமில்லை. ஒப்பந்தம் வர்த்தக நிறுவனம் ஒன்றுக்குப் போனது. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு தையல் இயந்திரம்கூடக் கிடையாது.

அந்தப் பைகள் இன்றும் தாராவியில்தான் தைக்கப்படுகின்றன. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. என் பட்டறையிலேயே அவற்றின் ஒரு பகுதி தைக்கப்பட்டது. ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் வேலையை இன்னொரு தரகரிடம் கொடுத்தது, அவர் பெரிய கார்கானா (தொழிற்கூடம்) ஒன்றிடம் கொடுத்தார், அந்தக் கார்கானா எங்களைப்போன்ற சிறிய இடங்களுக்குத் துணியை வெட்டி அனுப்பியது. இத்தனை கைகள் மாறி வந்ததில், முன்பு நேரடி ஆர்டர் எடுத்தபோது ஒரு பைக்குத் தையல்காரருக்கு நாங்கள் கொடுத்த கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பையின் மேல் அச்சிட்டிருக்கும் உங்கள் சின்னம் மாறவில்லை. அதைத் தைத்தவருக்குக் கிடைத்தது மட்டும் குறைந்தது. இந்த முடிவை அமைதியாக ஏற்றுக்கொள்ள இயலாததால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மும்பைக்கு வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். பதனிடும் வேலை நகருக்கு வெளியே போன பின்னும் தோல் வெட்டுவதும் தைப்பதும் எங்களிடம் தங்கின; பிறகு ரெக்சினும் பாலியஸ்டரும் வந்தன. இன்று ஒரே சந்தில் தமிழ்க் குடும்பத்தின் பட்டறையும் பீகாரிலிருந்து வந்த தையல்காரர்களும், நூல் பிசிறு வெட்டி ஜிப்புக்கு ரன்னர் கோக்கிற வீட்டுப் பெண்களும் சேர்ந்துதான் ஒரு பையை முடிக்கிறோம். 600 டெனியர் (நூலின் பருமன் அளவு) துணி எவ்வளவு இழுவை தாங்கும், தோள்பட்டை சேரும் இடத்தில் குறுக்குத் தையல் எத்தனை போட்டால் ஒரு குழந்தை ஓராண்டு சுமந்தாலும் பிய்யாது என்பதெல்லாம் எங்கள் கைக்குத் தெரியும். உங்கள் ஆய்வாளர்கள் அனுப்பிய பரிசோதனைகளில் எங்கள் பைகள் தேறியிருக்கின்றன. ஆகவே தரம் பற்றிய பேச்சை இங்கே நான் நீட்டவில்லை. அந்த வாசலை நாங்கள் தாண்டியவர்கள்.

எங்களை நிறுத்துவது வேறு வாசல்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் உலகச் சந்தை என்ற விற்பனையாளர் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளக் கட்டணம் இல்லை என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதிவு ஒரு வாசலின் பூட்டை மட்டுமே திறக்கிறது. உள்ளே போனால் ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறது. தணிக்கை செய்யப்பட்ட மூன்றாண்டுக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், உத்யம் (சிறு நிறுவனப் பதிவு) சான்றிதழ், வங்கியின் கடிதம், முன்பு வாங்கியவர்களின் பரிந்துரை, தொழிலாளர் பற்றிய உறுதிமொழி, சுற்றுச்சூழல் பற்றிய உறுதிமொழி ஆகியவற்றை ஒரு அமைப்புக்கு நோட்டரி முத்திரையோடு கொடுத்த பிறகு, இன்னொரு அமைப்பு அதே ஆவணங்களை வேறு வரிசையில், வேறு சொற்களில், புதிய தேதியிட்டுக் கேட்கிறது. ஓர் அமைப்பு பட்டறைக்கு ஆள் அனுப்பிச் சோதித்துவிட்டுப் போன அறிக்கை மற்றொன்றின் கண்ணுக்குப் படுவதே இல்லை. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். எங்களிடம் இந்த வேலையைச் செய்பவர், பகலில் துணி வெட்டும் மேசையில் நிற்கும் அதே ஆள்தான். ஆங்கிலத்தில் படிவம் நிரப்பித் தருவதற்கென்று இப்போது டெண்டர் ஏஜெண்டுகள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் தொகையும் கடைசியில் பையின் விலையிலிருந்தோ கூலியிலிருந்தோதான் போகிறது.

இத்தனை அமைப்புகளும் தமக்குள் தகவல் பகிர்ந்துகொள்ள இயலாதவை என்று இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். உண்மை அப்படி இல்லை. 2010 ஏப்ரல் 9 அன்று உலக வங்கிக் குழுமம், ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி, மறுகட்டமைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஐரோப்பிய வங்கி ஆகிய ஐந்தும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன்படி, இவற்றில் ஒரு வங்கி மோசடிக்காகவோ ஊழலுக்காகவோ ஒரு நிறுவனத்தை ஓராண்டுக்கு மேல் விலக்கிவைத்தால் மற்ற நான்கும் அந்நிறுவனத்தை விலக்கிவைக்கும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் உறுப்பு நிறுவனங்களும் தகுதியிழந்தோர் பட்டியலை ஒரே தளத்தில் பொதுவாகப் பராமரிக்கின்றன. இந்த ஏற்பாடு சரியானது. இன்னும் கடுமையாக்கினாலும் நான் வரவேற்பேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் குற்றத்தை ஒரே நாளில் உலகம் முழுவதும் நம்புகிற உங்களால், ஒரு சிறிய பட்டறையின் நேர்மையை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக்கூட நம்ப முடியவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கி இருக்கும் மணிலாவில் கெட்ட பெயர் எடுத்தவன், உலக வங்கி இருக்கும் வாஷிங்டனிலும் கெட்டவன். தில்லியில் ஓர் அலுவலகத்துக்குக் குறித்த நாளில் குறையில்லாத சரக்கைக் கொடுத்தவன், அதே சாலையில் உள்ள அடுத்த அலுவலகத்துக்கு யாரென்றே தெரியாதவன்.

2018-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளரும் உறுப்பு நிறுவனங்களின் தலைவர்களும் பரஸ்பர அங்கீகார அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். ஓர் அமைப்பின் கொள்கையையும் நடைமுறையையும் ஒப்பந்தத்தையும் மற்றோர் அமைப்பு மறுபடி ஆராயாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் உட்பொருள். நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அது யாருக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பெரிய ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்தே பல அமைப்புகளும் வாங்கிக்கொள்ளும் வசதி கிடைத்திருக்கிறது. விற்பவனின் தகுதியும் அவ்வாறே ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குச் செல்லும் ஏற்பாடு, எங்கள் அளவில் இன்றுவரை வந்து சேரவில்லை. அந்த அறிக்கை எந்த நியாயத்தால் எழுதப்பட்டதோ அதே நியாயத்தைக் கீழே இருப்பவருக்கும் நீட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

தேவைகளை ஒன்றுசேர்த்து வாங்குவதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியாததல்ல. பத்து டெண்டர் நடத்துவதைவிட ஒன்று நடத்துவது செலவு குறைவு, மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும், பேரிடர் வரும்போது கையிருப்பு வேண்டும். தடுப்பூசிக்கு இது முழுக்கப் பொருந்தும். அதைச் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே சில. பை அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது எத்தனை பெரிய ஆர்டராக இருந்தாலும் கடைசியில் ஓர் இயந்திரத்தின் முன் ஒருவர் உட்கார்ந்து தைப்பதுதான். ஆயிரம் பை தைப்பவரின் செலவுக்கும் லட்சம் பை தைப்பவரின் செலவுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் துணி வாங்கும் இடத்தில் கிடைக்கும் தள்ளுபடி மட்டுமே. மொத்த ஒப்பந்தத்தில் விலை இறங்கியதாக உங்கள் கணக்கில் தெரிந்தால், அந்த இறக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை இறங்கி வந்து பாருங்கள். எங்கள் தெருவில் அது கூலியிலிருந்து வந்தது.

இதில் உங்களுடைய சொந்த விதியே அடிபடுகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விற்பனையாளர் நடத்தை விதிகள் குழந்தைத் தொழிலையும் கட்டாய வேலையையும் தடைசெய்கின்றன. நியாயமான கூலி, வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவற்றை விற்பவர் மட்டுமன்றி அவருடைய துணை ஒப்பந்ததாரர்களும் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. நாங்கள் நேரடியாகச் சரக்குக் கொடுத்த காலத்தில் உங்கள் ஆய்வாளர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தீயணைப்பான் எங்கே என்று கேட்டார். தையல்காரர்களின் வயதைக் கேட்டார், வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அந்தக் கேள்விகளால் எங்கள் பட்டறை மேம்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்கம்பிகளை மாற்றியதும் ஜன்னல் பக்கம் அடைத்திருந்த துணிக்கட்டுகளை அகற்றி வழி விட்டதும் அவர் வந்து போன பிறகுதான். இப்போதைய ஒப்பந்தத்தில் ஆய்வாளர் வர்த்தக நிறுவனத்தின் கிடங்குக்குப் போகிறார், முடிந்த பைகளைத் திறந்து பார்க்கிறார், ஒப்புதல் கொடுக்கிறார். அவை எந்தக் கூரையின்கீழ் தைக்கப்பட்டன என்று கேட்பார் இல்லை. பட்டறைகளை உங்கள் பார்வையிலிருந்து மூன்று படி கீழே தள்ளிவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு மேலே இருப்பவரிடம் ஓர் உறுதிமொழிக் காகிதம் வாங்கி வைத்துக்கொள்வது, அந்த விதிகளை எழுதியவர்களின் நோக்கமாக இருக்க முடியாது.

சிறியவர்களுக்கு இடம் கொடுத்தால் விலை ஏறிவிடும் என்ற அச்சத்துக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. இந்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையின்படி, குறைந்த விலை கேட்டவரைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக விலை சொன்ன குறு, சிறு நிறுவனம் ஒன்று, அந்தக் குறைந்த விலைக்கே தர ஒப்புக்கொண்டால், பிரிக்கக்கூடிய ஆர்டரில் ஒரு பங்கு அதற்குக் கொடுக்கப்படும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு 4 சதவீதமும், பெண்களுக்குச் சொந்தமானவற்றுக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு உண்டு. டெண்டர் பிணைத்தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு. இந்த ஏற்பாட்டில் வாங்குபவர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. எல்லாத் துறையும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, அதற்குத் தனி மடல் எழுத வேண்டும். ஆனால் விதி இருப்பதால் அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. உங்களிடம் எதைக் காட்டிக் கேட்பது? ஐ.நா. நிதி ஒழுங்குமுறையின் கொள்முதல் நெறிகளில், பணத்துக்கேற்ற சிறந்த மதிப்பு, நியாயம், நேர்மை, வெளிப்படைத்தன்மை, பயனுள்ள பன்னாட்டுப் போட்டி என்றெல்லாம் இருக்கிறது. எந்தச் சிறு உற்பத்தியாளரும் நுழைய முடியாத விற்றுமுதல் நிபந்தனை போட்ட பிறகு வருவது எப்படிப் பயனுள்ள போட்டி ஆகும் என்பதை விளக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பணம் வரும் விதத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறிய பட்டறைகளை மூடவைப்பது தோற்றுப்போன டெண்டரைவிடப் பெரும்பாலும் தாமதமான பணம்தான். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006, எங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். வழக்கு மன்றத்துக்குப் போகாமலே மாநில வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம்.

ஆனால் 1947-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சலுகைகள், விலக்குரிமைகள் சட்டத்தால் உங்களுள் ஐ.நா. அமைப்புகளை இந்தியாவின் எந்த மன்றத்தின் முன்னும் நிறுத்த முடியாது. அந்த விலக்குரிமை எதற்காகத் தரப்பட்டது என்பதை மதிக்கிறேன். எந்த நாட்டு அரசும் உங்கள் வேலையில் கைவைக்கக் கூடாது என்பதற்காக அது வேண்டும். ஆயினும் அதற்கு மாற்றாக எங்களுக்கு நீங்கள் கொடுத்திருப்பது என்ன? உங்கள் பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி தகராறு வந்தால் ஐ.நா. பன்னாட்டு வர்த்தகச் சட்ட ஆணையத்தின் விதிகளின்கீழ் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும். அங்கே வென்றாலும், வட்டியைக் குறிப்பிட்ட சந்தை விகிதத்துக்கு மேல் வழங்க நடுவருக்கு அதிகாரம் இல்லை, அதுவும் தனிவட்டிதான். சில லட்ச ரூபாய் இன்வாய்ஸுக்காகப் பன்னாட்டு நடுவர் ஒருவரை அமர்த்த எந்தப் பட்டறையால் முடியும்? அவருடைய கட்டணம் எங்கள் பாக்கியைத் தாண்டிவிடும். ஆகவே தாமதம் நேரும்போது நாங்கள் செய்யக்கூடியது மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது மட்டுமே. துணிக் கடைக்காரர் காத்திருப்பதில்லை. வங்கியும் காத்திருப்பதில்லை. சனிக்கிழமை மாலை கூலிக்காக நிற்பவரிடம் பன்னாட்டு அமைப்பின் ஒப்புதல் இன்னும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. கடன் வாங்கித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருக்கும். அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். சரக்கு கிடங்கில் இறங்கிய பிறகு ஆய்வாளர் வர வேண்டும், அவர் அறிக்கை எழுத வேண்டும், அந்த அறிக்கையை வேறு ஊரிலுள்ள ஒருவர் கணினியில் ஏற்ற வேண்டும், பிறகு இன்னொருவர் ஒப்பமிட வேண்டும். இவற்றில் யார் விடுப்பில் போனாலும் நாள் எண்ணிக்கை தொடங்குவதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படி மழைக்காலம் முழுக்கப் பணம் வராமல், உரிமையாளர் இயந்திரங்களை ஒவ்வொன்றாக விற்றார். சரக்கில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. பணம் கடைசியில் முழுமையாக வந்தது, அப்போது தைக்க இயந்திரம் இல்லை.

இடைத்தரகர் வழியாக வேலை வரும்போது நிலைமை இன்னும் மோசம். இந்திய வர்த்தகர் ஒருவர்மீது 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும் என்பது ஏட்டளவில் உண்மை. எங்களுக்கு வேலை தருபவர் அவர் ஒருவர்தான் என்றான பிறகு அவர்மீது யார் புகார் கொடுப்பார்? “எனக்கு மேலேயிருந்து வந்ததும் உனக்குத் தருகிறேன்” என்று அவர் சொன்னால் அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. மேலே எப்போது பணம் போனது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

காரணம் சொல்லாமல் மறுப்பதைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. உலக வங்கி 2016 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்முதல் விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கப் போகிறோம் என்பதைப் போட்டியிட்டவர்களுக்கு அறிவித்துவிட்டு, கையெழுத்திடுவதற்கு முன் 10 வேலைநாள் காத்திருப்பது. அந்த இடைவெளியில் தோற்றவர் விளக்கமும் கேட்கலாம், முறையீடும் செய்யலாம். ஐ.நா. தலைமைச் செயலகத்திலும் உயர்மதிப்புக் கொள்முதல்களில் தோற்றவர் விளக்கம் கேட்கவும் முடிவை எதிர்த்து முறையிடவும் வழி இருக்கிறது. உயர்மதிப்பு என்ற அந்தச் சொல்லிலேயே நாங்கள் வெளியே நின்றுவிடுகிறோம். விலையில் தோற்றோமா, ஆவணத்தில் தோற்றோமா, மாதிரிப் பையில் தோற்றோமா என்று தெரிந்தால்தானே அடுத்த முறை திருத்திக்கொள்ள முடியும்? பெரிய நிறுவனத்துக்கு ஒரு மறுப்பு என்பது பல முயற்சிகளில் ஒன்று. எங்களுக்கு அது அந்தப் பருவத்தின் வருமானம்.

இத்தனை ஆவணக் கெடுபிடியும் ஊழலைத் தடுக்கத்தான் என்று உங்கள் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த அக்கறையில் எனக்கும் பங்கு உண்டு. ஈராக் தன் எண்ணெயை விற்று உணவும் மருந்தும் வாங்க ஐ.நா. நடத்திய ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தை ஆராய்ந்த வோல்க்கர் குழு, 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் உசேன் அரசுக்குக் கையூட்டும் சட்டவிரோதக் கூடுதல் தொகையும் கொடுத்ததாக 2005-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் ஐ.நா. கொள்முதல் அதிகாரி அலெக்சாண்டர் யாகோவ்லெவ் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022 மே மாதத்தில் ஐ.நா. திட்டச் சேவைகள் அலுவலகத்தின் தலைவர் கிரெட்டே ஃபாரெமோ பதவி விலகியதற்குப் பின்னணியாக இருந்தது, சுமார் 6 கோடி டாலர் ஒரே தொழிலதிபருடன் தொடர்புடைய நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்த விவகாரம். இவற்றில் எதுவும் சிறு உற்பத்தியாளர் ஒருவர் முகவரிச் சான்று கொடுக்கத் தவறியதால் நடந்ததல்ல. பெரும் தொகை சிலருடைய கையில் குவிந்த இடத்திலும், முடிவெடுத்தவரைக் கேள்வி கேட்க வெளியில் யாருக்கும் வழி இல்லாத இடத்திலும் அவை நடந்தன. தேவைகளை மேலும் மேலும் ஒன்றுசேர்ப்பதும், காரணங்களை வெளியே சொல்லாமல் இருப்பதும் அந்த இரண்டு நிலைமைகளையும் வளர்க்கின்றன என்பதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

2021-இல் மட்டும் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து வாங்கிய பொருள்கள், சேவைகளின் மதிப்பு 2,960 கோடி டாலர் என்று உங்கள் ஆண்டுப் புள்ளிவிவர அறிக்கையே சொல்கிறது. இந்தப் பணம் எங்கே யாரிடம் போகிறது என்பது, எந்த வளர்ச்சித் திட்டத்துக்கும் குறையாத அளவுக்கு ஏழைகளின் வாழ்க்கையைத் தொடுகிற முடிவு. ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன்.

முதலாவதாக, உறுப்பு அமைப்புகளுள் ஏதேனும் ஒன்று சரிபார்த்த விற்பனையாளர் தகுதியை மூன்றாண்டு காலத்துக்கு மற்ற எல்லா அமைப்புகளும் ஏற்க வேண்டும். ஆய்வு அறிக்கைகளும் சரக்கு ஒப்படைத்த வரலாறும், விற்பவரின் சம்மதத்தோடு, தகுதியிழந்தோர் பட்டியல் இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். கூடுதலாக ஓர் ஆவணம் வேண்டுமென்று கேட்கும் அமைப்பு, ஏன் வேண்டும் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். வளர்ச்சி வங்கிகளும் 2010 உடன்பாட்டின் மறுபக்கமாக இத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தமக்குள் செய்துகொள்ள வேண்டும்.

பை, சீருடை, போர்வை, மரச்சாமான் போன்று பல சிறிய இடங்களில் செய்யக்கூடிய பொருள்களுக்கு, ஒப்பந்தத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் விண்ணப்பிக்க அனுமதியுங்கள். கேட்கும் விற்றுமுதல் அந்தப் பகுதியின் மதிப்பைத் தாண்டக் கூடாது. குறைந்தது கால் பங்கையாவது, வென்ற விலைக்கே தர முன்வரும் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கொடுங்கள். பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களை உங்கள் தளத்தில் அடையாளம் காட்டுவதோடு நிறுத்தாமல், இந்தக் கால் பங்கில் அவர்களுக்கு ஓர் இடத்தை வரையறுங்கள்.

வர்த்தக நிறுவனத்தின் வழியாகத்தான் வாங்குவீர்களானால், பொருள் உண்மையில் செய்யப்படும் ஒவ்வோர் இடத்தின் பெயரையும் ஒப்பந்தத்திலேயே கேளுங்கள், ஆய்வாளரை அங்கே அனுப்புங்கள், தையல் கூலி எவ்வளவு என்று தொழிலாளரிடமே கேட்கச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்துக்கு நீங்கள் பணம் கொடுத்த நாளை வெளியிடுங்கள். அந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் கீழே உள்ளவர்களுக்குப் பணம் கொடுத்ததற்கான ஆதாரம் வராவிட்டால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள்.

நேரடியாக வாங்கும்போது, சரக்கு இறங்கிய நாளிலிருந்தே 30 நாளை எண்ணுங்கள். ஆய்வுக்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்தால் சரக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளுங்கள். தாமதத்துக்கு வட்டியை நாங்கள் கேட்காமலே சேர்த்துக் கொடுங்கள். சிறிய தொகைத் தகராறுகளுக்கு, நடுவர் தீர்ப்புக்கு முன்படியாக, கட்டணமில்லாத சுதந்திரமான குறைதீர்ப்பாளர் ஒருவரை ஒவ்வொரு நாட்டிலும் அமர்த்துங்கள். அவரிடம் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ எழுத முடிய வேண்டும். இதற்கு விலக்குரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் விருப்பத்தின்பேரிலேயே செய்யலாம்.

தொகை எதுவானாலும் தோற்றவருக்குக் காரணம் 10 வேலைநாளுக்குள் எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகள் வந்த பிறகு டெண்டரை ரத்துசெய்தால், அந்த முடிவை எடுத்த பதவியையும் காரணத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும்.

கடைசியாக, இம்மடலுக்குக் காரணமான புத்தகப் பை டெண்டரைப் பற்றியது. அது எந்த அமைப்பின் டெண்டர் என்பதை நான் இங்கே எழுதவில்லை. ஒப்பந்தப்புள்ளி எண்ணையும் எங்களுக்கு வந்த மின்னஞ்சலையும் கொள்முதல் வலையமைப்புக்குத் தனியே அனுப்பத் தயாராக இருக்கிறேன். அது ரத்துசெய்யப்பட்டதன் முழுக் காரணத்தையும், சேர்த்து வாங்கியதால் ஒரு பைக்கு எவ்வளவு மிச்சமானது என்ற கணக்கையும் வெளியிடுங்கள். இப்போதைய நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன், அந்தப் பைகள் தைக்கப்படும் தாராவிப் பட்டறைகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவை, வர்த்தக நிறுவனத்தின் ஆட்கள் உடன் வராமல், அனுப்புங்கள். எந்தெந்த இடம் என்பதை நாங்களே காட்டுகிறோம். அந்தக் குழுவின் அறிக்கை கையில் வரும்வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தாராவியில் பை தைக்கும் பட்டறை ஒன்றின் உரிமையாளர்